வாசிகசாலைச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, காப்பாளர் அவர்களே, அங்கத்தவர்களே, தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து மழையில் நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

கூரைத் தகரம் மாற்றப்பட்டது. பத்திரிகைக் கட்டணம் பாக்கியில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டி மழையால் தள்ளிப்போய் நடந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நாற்காலிகளை வாடகைக்கு விடுவது பற்றி நடந்த நீண்ட விவாதத்தை நான் இங்கே பதியவில்லை; கலந்துகொண்டவர்கள் எனக்கு நன்றி சொல்வார்கள்.

இவ்வாண்டு உருப்படியாக நடந்தது ஆடி மாதத்துக் கை நலக் கூட்டம்தான். கண் முகாமும் பல் முகாமும் வருடந்தோறும் வைக்கிறோம். தேயிலைக் கொழுந்து பறித்தும், செடியைக் கவ்வாத்து வெட்டியும் பிழைக்கிற நாம், கையை மட்டும் எந்த வைத்தியரிடமும் காட்டுவதில்லை.

கண்டியிலிருந்து வந்த எலும்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்த ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நம்மில் பலருடைய பாட்டன்மார் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அல்லவா, மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. போல் பிராண்ட் 1914இல் அங்கே ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அன்று வைத்தியர்களும் நம்பினார்கள். இவருக்குச் சந்தேகம். ஒருநாள் இவரால் திருப்ப முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு நோயாளிச் சிறுவன் சாவியால் எளிதாகத் திறந்துவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. சாவி எலும்புவரை வெட்டியும் அவன் அறியவில்லை. வலி தெரியாததால் வரும் காயமே விரலைத் தின்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படியான கவனிப்புகளால்தான். தூங்கும்போது எலி கடிப்பதையும் கண்டுபிடித்து, நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்! மடங்கிப்போன விரல்களுக்கு, முன்கையில் நலமாயிருந்த தசையின் நாணைத் திருப்பி இணைத்து மீண்டும் அசைவு கொடுத்தார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் என்ற ஊருக்குப் போனபின், அதே அறிவை நீரிழிவுக்காரரின் காலைக் காக்கவும் பயன்படுத்தினார். 2003இல் காலமானார்.

வலித்தால் தைலம் தேய்க்கிறோம், மரத்துப்போனால் சும்மா விடுகிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் இந்த வரலாறு அசைத்தது என்பது என் எண்ணம். கூட்டம் முடியுமுன் கேள்விகள் அத்தனையும் மரத்துப்போவதைப் பற்றியே வந்தன. இரவில் விறைத்து எழுப்பும் கை, நழுவி விழும் தேநீர்க் கோப்பை. மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி மரக்கும். சின்னவிரல் தப்பிவிடும் என்றார் நிபுணர். புறங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்க ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். கும்பிடுவதைத் தலைகீழாக்கியது போல மண்டபம் முழுவதும் கைகள் தொங்கின. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோர்ஜ் பேலன் பெயரால் வழங்கும் சோதனை அது. விரல் மரத்துப்போனால் அந்த நரம்பு நெரிபடுவது உறுதி என்று பொருளில்லை, கிளினிக் போக வேண்டும் என்று பொருள். நீரிழிவும் தைரொயிட் குறைவும் கர்ப்பமும் இதைக் கூட்டும். ஆரம்பத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். பெருவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினால் தாமதிக்கவே கூடாது.

கவ்வாத்துக் கத்தியில் விரல் துண்டானால் செய்ய வேண்டியதையும் அறிவித்தல் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். துண்டை ஈரத் துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகத் துண்டில் படக்கூடாது.

கிளினிக் போகும் நாளில் அன்றைய பேர், அதாவது அந்த நாட்சம்பளம், போய்விடுகிறது என்பதே தாய்மார்களின் முதல் தடை. அதை வெட்டாதிருக்கும்படி தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டோம். இன்னும் எழுத்தில் பதில் இல்லை. சங்கத்தின் புதிய நிர்வாகக் குழு இதை விடாமல் தொடர வேண்டும். மணிக்கட்டுப் பட்டைகள் வாங்க, பொங்கல் நிதியில் மீந்ததை ஒதுக்குமாறும் முன்மொழிகிறேன். நாற்காலிகள் இன்னும் ஒரு வருடம் பொறுக்கும்.

வீடு வீடாகச் சென்று கூட்டத்துக்கு ஆள் சேர்த்த குடும்பநல உத்தியோகத்தருக்குச் சங்கத்தின் நன்றி. அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்