கேம்பர்வேனில் படுக்கை ஆறு, ஏற்றக்கூடிய எடை எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமிருந்து ஐரோப்பா போகும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. தோல் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களும், இங்கே படித்துவிட்டு ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும், ஓட்டலுக்குப் பதில், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேன் வண்டியை வாடகைக்கு எடுக்கலாமா என்று விசாரிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் விளம்பரங்களில் "ஆறு பேர் படுக்கலாம்" என்ற வரிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று கணக்குப் போட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த ஆறு பேரும் அந்த வண்டியில் சட்டப்படி பயணம் செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் உரிமம். நம் நாட்டு எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் 7,500 கிலோ வரையுள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் 'பி' பிரிவு 3,500 கிலோவோடு நின்றுவிடும். இது காலி வண்டியின் எடை அல்ல. ஆள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்ந்த மொத்த எடை. அந்த அனுமதி ஓராண்டு செல்லும், அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஜெர்மனியில் குடியிருக்கத் தொடங்கிய மகனோ மகளோ இந்திய உரிமத்தில் ஆறு மாதம்தான் ஓட்டலாம். அதன்பின் அந்த நாட்டு உரிமம் வேண்டும். சுற்றுலா விசாவில் போன அப்பா ஓட்டலாம், அங்கேயே வசிக்கும் மகன் ஓட்டக்கூடாது என்ற நிலைகூட வரும். யார் ஓட்டப்போகிறார் என்பதை வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

இப்போது எடைக் கணக்கு. ஓட்டுநர் அறைக்கு மேலே படுக்கை வைத்த ஆறு படுக்கை வண்டி, புறப்படத் தயாரான நிலையில் ஏறத்தாழ 3,000 கிலோ இருக்கும். ஓட்டுநருக்கு 75 கிலோவும், டீசலும், கேஸ் சிலிண்டரும் அதிலேயே அடக்கம். மீதி 500 கிலோ. மற்ற ஐந்து பேர், பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரி 60 கிலோ என்றால் 300. விமானத்தில் கொண்டுபோன பெட்டிகள் ஆளுக்கு 23 கிலோ வீதம் 138. படுக்கை விரிப்பு, மடக்கு நாற்காலி, மேசை, பாத்திரம் 40. ஆக 478 ஆகிவிட்டது. அரிசி, பருப்பு, காய்கறி இன்னும் ஏறவில்லை. நல்ல தண்ணீர் டேங்க் பெரும்பாலும் 100 லிட்டர் பிடிக்கும். ஆனால் பல தயாரிப்பாளர்கள் புறப்படும் எடையில் 20 லிட்டரை மட்டுமே சேர்க்கிறார்கள். டேங்கை நிரப்பினால் இன்னும் 80 கிலோ. வரம்பைத் தாண்டியாயிற்று.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளை எடை மேடையில் ஏற்றுவதைப் பார்த்திருப்போம். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் கேம்பர்வேனையும் அப்படியே ஏற்றுகிறார்கள். அதிகம் இருந்தால் அபராதம், அதோடு மிகையான எடையை இறக்கிவிட்டுத்தான் நகர முடியும். மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் சக்கரங்களின் அச்சு மீது விழும் எடை தனியாக வரம்பு மீறலாம். சைக்கிள் மாட்டும் ஸ்டாண்டும் பின்பக்கச் சாமான் அறையும் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால், அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் பின் அச்சை அமுக்கி முன் அச்சைத் தூக்கும். முன் சக்கரத்தின் பிடி குறையும். கனமான சாமானை இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையோடு வையுங்கள். ஓடும்போது டேங்கில் 20 லிட்டர் தண்ணீர் போதும். இரவு தங்கும் கேம்ப்சைட்டில் நிரப்பிக்கொள்ளலாம். ஆறு பெரியவர்கள் என்றால் இரண்டு சிறிய வேன்கள் எடுப்பதே சரி.

படுக்கை எண்ணிக்கை வேறு, சீட் பெல்ட் உள்ள இருக்கை வேறு. வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள இருக்கை எண்ணிக்கைதான் செல்லும். பக்கவாட்டு சோஃபாவில் உட்கார்ந்து பயணம் செய்யும் பேச்சே வேண்டாம். 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழான குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். சில நாடுகள் மட்டும் 135 சென்டிமீட்டரோடு விடுகின்றன. உணவு மேசையை ஒட்டிய எல்லா இருக்கையிலும் குழந்தை இருக்கையைப் பூட்ட முடியாது. குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எந்த இருக்கையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே இருக்கும் கழிப்பறையின் கேசட், அதாவது கழிவு சேரும் இழுப்புப் பெட்டி, 20 லிட்டருக்குள்தான் பிடிக்கும். நம் வழக்கப்படி தண்ணீர் ஊற்றிக் கழுவினால் நான்கு பேருக்கு ஒரே நாளில் நிரம்பிவிடும். பகலில் கேம்ப்சைட் கழிப்பறை, இரவில் மட்டும் வண்டிக்குள் என்று வைத்துக்கொண்டால் தாக்குப்பிடிக்கும். கேசட் நிரம்பியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததும் எடுத்துவிட வேண்டும். உள் மூடியை முழுக்கச் சாத்தாமல் கேசட்டை இழுத்தால் வராது. பலம் போட்டால் உடையும். கொட்டும்போது காற்று விடும் பொத்தானை அழுத்திக்கொண்டால் தெறிக்காது. பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், ரப்பர் சீல் கெட்டுவிடும். கேசட்டைக் கொட்டுவதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். கழுவு நீர் டேங்கில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் போனால் இரண்டே நாளில் நாறும். பாத்திரம் கழுவும் தொட்டியின் வாயில் வலை வையுங்கள். எண்ணெய்த் தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதேதான். ஆனால் கேம்ப்சைட் மின்கம்பத்தில் பல இடங்களில் 6 ஆம்பியர்தான் கிடைக்கும். அதாவது 1,380 வாட். 750 வாட் மிக்சியும் 700 வாட் ரைஸ் குக்கரும் ஒன்றாக ஓடினால் அதிலேயே 1,450. குளிர்பெட்டி வேறு ஏறத்தாழ 150 வாட் இழுக்கும். உடனே டிரிப் ஆகும். சில இடங்களில் மின்பெட்டியைத் திறக்கக் காவலாளி வர வேண்டும். ஒன்று முடிந்த பிறகு ஒன்று போடுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பு 10 ஆம்பியருக்குக் கீழ் வேண்டாம். கேபிளைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள்; சுருளாகவே விட்டால் சூடேறி உருகும்.

கேஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கசியும் கேஸ் காற்றை விடக் கனமானது. கீழே இறங்கி வெளியேறத்தான் வண்டியின் தரையில் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். குளிருக்காக அதன்மேல் பாயோ போர்வையோ விரிக்காதீர்கள். குளிர் இடங்களுக்குப் புரோப்பேன் சிலிண்டர் கேளுங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி வாக்கில் ஆவியாவது நின்று அடுப்பு அணைந்துவிடும்.

நம் பள்ளிகளின் மே விடுமுறை இதற்கு மிகவும் ஏற்றது. அங்கே ஜூலை, ஆகஸ்டில்தான் கூட்டமும் விலையும் உச்சம். மே மாதத்தில் கேம்ப்சைட் கட்டணத்தைக் குறைக்கும் ஏசிஎஸ்ஐ தள்ளுபடி அட்டையும் பல கேம்ப்சைட்களில் செல்லும். ஆனால் ஆல்ப்ஸ் மலையில் ஃபுர்கா, கிரிம்செல் போன்ற உயரக் கணவாய்கள் ஜூன் வாக்கில்தான் திறக்கும். பிரென்னர் கணவாய் வழியோ சுரங்க வழியோ போகத் திட்டமிடுங்கள். இயேசு விண்ணேற்ற நாள், பெந்தெகொஸ்தே வார இறுதிகளில் ஜெர்மனி கேம்ப்சைட்கள் நிரம்பும். ஞாயிறு அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஒரு நாள் ஓட்டம் வேலூர்–பெங்களூரு தூரத்தைத் தாண்ட வேண்டாம்.

ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைகளுக்கு விக்னெட் என்ற சாலைக் கட்டண வில்லை வாங்க வேண்டும். பிரென்னர் ஏ13 பகுதிக்குத் தனிக் கட்டணம். பிரான்சில் வண்டி 3 மீட்டர் உயரத்தைத் தொட்டால் டோல் வகுப்பு ஏறும். இத்தாலி நகரங்களின் பழைய பகுதிகளில் அனுமதியின்றி நுழையும் வண்டியை கேமரா பிடித்துவிடும். அபராதத்தோடு வாடகை நிறுவனத்தின் கட்டணமும் வரும். கூரையில் படும் அடி பல காப்பீடுகளில் சேராது. வண்டி உயரத்தைக் காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங் பக்கம் ஒட்டிவையுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுபோகும் உணவிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. ஆற்காடு மக்கன் பேடா, நெய், ஆம்பூர் பிரியாணி எல்லாம் விமான நிலையத்திலேயே குப்பைத் தொட்டிக்குப் போகும். இலவம்பாடி முள் கத்தரிக்காயும் பச்சைக் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்று இல்லாமல் செல்லாது. பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, வற்றல் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியில் 180 நாட்களில் 90 நாள்தான் இருக்கலாம்.

வேலூரில் இந்தப் பயணங்களை விற்கும் முகவர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் படுக்கை எண்ணிக்கையோடு, அனுமதித்த மொத்த எடை, புறப்படும் நிலையில் வண்டியின் எடை, பெல்ட் உள்ள இருக்கைகள் ஆகிய மூன்றையும் அச்சிடுங்கள். அவர்கள் அச்சிடும்வரை, முன்பணம் கட்டும் முன் இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகே குடும்பங்கள் பணம் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.