அப்பாவைப் பற்றி

அன்புள்ள வித்யாவுக்கு,

போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு. லேபிலிருந்து இருட்டியபின் தனியாகக் கிளம்பாதே.

நீ பெங்களூரில் மூளை, மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் சேர்ந்தபோது, நோயாளி மூளையைப் பார்த்து மனுஷ குணத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று சித்தப்பா கேட்டாரே. ஹென்றி மொலைசனைப் பற்றிச் சொன்னாய். வலிப்புக்காக 1953-இல் ஆபரேஷன் செய்து, மூளையில் புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸில் பெரும்பகுதியை எடுத்தபின் அவருக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைவதில் நாளுக்கு நாள் கை தேறியது, முதல்நாள் வரைந்ததே தெரியாமல். நினைவு வேறு, கைப்பழக்கம் வேறு என்று அவரால்தான் புரிந்தது என்றாய். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது என் மனதில் ஓடுவது கேஜ் கதை. 1848-இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையில் இரும்புக் கம்பி மண்டையில் பாய்ந்ததே, அவர். பேச்சு, நடை எல்லாம் இருந்தும் இவர் பழைய கேஜ் இல்லை என்றார்களாம். பிற்பாடு சிலியில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்றும் சொன்னாய். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறது. சீட்டுப் பணம் கட்டும் தேதிகூடத் தப்பாது. ஆனால் சர்க்கரை என்று தெரிந்த அன்றே இனிப்பை விட்டவர், இப்போது கடலைமிட்டாயை பாக்கெட் பாக்கெட்டாகத் தின்கிறார். பெரியத்தை துக்கத்தில் சத்தமாகச் சிரித்தார். உன் நிச்சயத்தன்று சொன்ன அந்த வார்த்தை, அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. நீ அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாய்.

முன்மூளை தேயும் நோயில் ஞாபகத்துக்கு முன்னால் குணம்தான் மாறும், வீட்டில் திமிர் என்று நினைப்பார்கள் என்று சொன்னவள் நீ. நான் நோய் என்று சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாதவர்களிடம் காட்டும் பொறுமையை உன்னைப் படிக்கவைத்த மனிதரிடமும் காட்டு என்கிறேன்.

அங்கே எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்று பானு நம்பருக்கு அனுப்பு. வித்யாவைப் பார்க்கப் போகலாமா என்றேன், முகத்தில் ஒன்றுமில்லை. மைசூர்பாகு வாங்கலாம் என்றேன், பையை எடுத்துவிட்டார். எப்படியோ ரயிலேற்றிவிடுவேன். ஸ்டேஷனுக்கு நீயே வா. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா