ஞாயிறு கூட்டம்: லேப்டாப், புரொஜெக்டர்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 7 மணிக்கு மொட்டை மாடியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். வரவு செலவுக் கணக்கைத் திரையில் காட்டப் போகிறோம். இருட்டாமல் திரையில் ஒன்றும் தெரியாது, அதனால்தான் 7 மணி.

1. லேப்டாப் கொண்டு வருபவர்கள் 6.15க்கே வந்துவிடுங்கள்.

2. எச்டிஎம்ஐ கேபிள் சங்கத்தில் இருக்கிறது. பழைய விஜிஏ வயர் வேண்டாம். அதில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது.

3. டைப்-சி மட்டும் உள்ள லேப்டாப் என்றால் அடாப்டரை நீங்களே கொண்டு வர வேண்டும். எல்லா டைப்-சியிலும் படம் வராது, சிலவற்றில் சார்ஜ், டேட்டா மட்டும்தான். வீட்டு டிவியில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

4. படம் வரவில்லையா? புரொஜெக்டர் ரிமோட்டில் 'சோர்ஸ்' அழுத்தி எச்டிஎம்ஐ தேர்ந்தெடுங்கள். பிறகு லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு 'பி' அழுத்தி 'டூப்ளிகேட்'. 'எக்ஸ்டெண்ட்' வைத்தால் உங்கள் வால்பேப்பரைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம்!

5. முடிந்ததும் புரொஜெக்டர் பிளக்கை உடனே பிடுங்காதீர்கள். ரிமோட்டில் அணைத்து, ஃபேன் நின்ற பிறகு கழற்றலாம்.

லேப்டாப் தர முடிந்தவர்கள் வெள்ளி இரவுக்குள் ஃபிளாட் எண்ணோடு பதில் போடுங்கள். இரண்டு பேராவது வேண்டும். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது 🙂

– செயலாளர்