முழங்கால் நோவும் மகா ஓயா வெந்நீரும்

மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் உன்னை இவ்வளவு படுத்துகிறது என்று வாசிக்கவே மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. கந்தகத் தண்ணீரில் குளித்தால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளருமாம், மகா ஓயா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போ என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் கூட்டிப் போகிறேன். ஆனால் எதை நம்பிப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போவோம்.

அந்தக் கதை முழுப் பொய் இல்லை. கந்தக ஊற்றுகளில் ஹைட்ரஜன் சல்பைட் என்ற வாயு கரைந்திருக்கும். அழுகிய முட்டை மணம் அதனுடையதுதான். ஆய்வுகூடத்தில் வளர்த்த குருத்தெலும்புக் கலங்களில் அழற்சியைத் தூண்டிவிட்டால், சுற்றியிருக்கும் கொலாஜன் என்ற புரத நாரை வெட்டும் நொதியங்களை அவை சுரக்கத் தொடங்கும். இந்த வாயுவை அளவாகக் கொடுத்தபோது அந்தச் சுரப்பு குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் கண்ணாடித் தட்டில் இருக்கும் கலம் வேறு, உன் முழங்கால் வேறு. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயே கிடையாது. நாம் நடக்க நடக்க ஸ்பொஞ் மாதிரி அமுங்கி விரிந்து, மூட்டுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. தோலில் பட்ட தண்ணீரிலிருந்து அவ்வளவு உள்ளே எவ்வளவு போய்ச் சேரும்? ஹங்கேரி, இத்தாலிப் பக்கம் நோயாளிகளைக் கனிம நீரில் குளிக்க வைத்துப் பார்த்த ஆய்வுகளில் நோவும் விறைப்பும் குறைந்திருக்கின்றன. தேய்ந்தது வளர்ந்தது என்று நிரூபணம் இல்லை.

இன்னொன்று, வெந்நீர் எல்லாம் கந்தக நீர் ஆகிவிடாது. நம் நாட்டில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மேலே வருகிறது. மகா ஓயாவில் சின்னச் சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஆகச் சூடானது 50 பாகைக்கும் மேல். அக்கா போனபோது இளஞ்சூட்டுக் கிணற்றில் அள்ளி, முழங்காலில் ஆறுதலாக ஊற்றிக்கொண்டே இருந்தா. அன்றிரவு கையூன்றாமல் பாயிலிருந்து எழும்பினா. சில நாளில் நோ திரும்பிவிட்டது, உண்மைதான். என்றாலும் அந்த ஓர் இரவு நித்திரை லேசுப்பட்டதா?

உனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாமலே வெந்துவிடும். நான் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நீ காலில் ஊற்ற வேண்டும், சரியா?

கிளினிக்கில் சொல்லித்தந்த பயிற்சியை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அதுதான் பெரிய கவலை. கதிரையில் இருந்து காலை நீட்டி, தொடையை இறுக்கி, மெல்ல இறக்கு. தொடைத் தசை பலமாக இருந்தால்தான் மூட்டில் பாரம் குறையும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை 4 கிலோ அளவு குறையுமாம். எந்த ஊற்றுத் தண்ணீரும் அதைச் செய்து தராது.

ஐப்பசி மழை பிடிக்கும் முன் வா. செங்கலடியால் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை தாண்டி விடியவே போய்விடலாம். நீ படி ஏறத் தேவையில்லாதபடி கீழ் அறையை ஒதுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்