புதிய வசதிகளுக்கு முன் தமிழ்க் கோப்புப் பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோப்புகளைச் சுருக்கி ஒரே பொதியாக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை நம் இளைஞர்கள் மேம்படுத்தி வருவதையும், அடுத்த பதிப்பில் கூடுதல் வேகமும் புதிய சுருக்க முறைகளும் வரவிருப்பதையும் தங்கள் நாளிதழில் படித்தேன். முயற்சி பாராட்டுக்குரியது. ஆயினும் பினாங்கில் கோயில் சிறப்பு மலர்களையும் தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ்களையும் ஸ்கேன் செய்து சேமித்து வரும் எங்களுக்கு வேகத்தைவிட முக்கியம், இங்குக் கட்டிய பொதியைக் கோலாலம்பூரில் வேறொரு கணினியில் பிரிக்கும்போது தமிழ்ப் பெயர்கள் குலையாமல் இருப்பதுதான்.

1989இல் அமெரிக்க நிரலாளர் ஃபில் காட்ஸ் ஜிப் என்னும் பொதி வடிவத்தை வெளியிட்டபோது, கோப்புப் பெயர்கள் ஐபிஎம் கணினிகளில் எழுத்துகளுக்கு எண் தரும் 437ஆம் குறியீட்டுப் பட்டியலைச் சார்ந்திருந்தன. பெயர், தமிழ் உட்பட உலக மொழி எழுத்துகளைக் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டுள்ளது என்று அறிவிக்கும் 11ஆம் பிட் (ஆம், இல்லை எனக் காட்டும் குறி) 2006இல்தான் அவ்விதிமுறையில் சேர்ந்தது. அந்தக் குறியை இடாமலே பெயரை யூடிஎஃப்-8இல் எழுதிவிடும் மென்பொருள்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. அத்தகைய பொதியைப் பழைய பட்டியலின்படி படிக்கும் கணினியில், பெயர் முழுவதும் கிரேக்க ஆல்ஃபாவும் இரட்டைக் கோணக் குறிகளுமாக நிறைந்து, எது எந்த ஆண்டு மலர் என்றே தெரியாமல் போகிறது.

லினக்ஸ் போன்ற கணினிகளில் வழங்கும் டார் என்னும் பொதிக் கோப்புகளில் சிக்கல் வேறு. இயங்குதளங்களுக்கான 1988ஆம் ஆண்டு பாசிக்ஸ் தரத்தின் யூஸ்டார் வடிவம் கோப்புப் பெயருக்கு 100 பைட் மட்டுமே தருகிறது. பினாங்கில் முருகன் கோயில் உள்ள ‘தண்ணீர்மலை’ நம் கண்ணுக்கு ஆறெழுத்து. யூடிஎஃப்-8இல் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்பட்டு, ஒவ்வொன்றும் 3 பைட் பெறுவதால் அது 30 பைட். ‘தண்ணீர்மலை தைப்பூச மலர்’ என்றாலே இடைவெளிகள் உட்பட 65 ஆகிவிடுகிறது. ஆண்டையும் வெளியிட்ட சங்கத்தின் பெயரையும் சேர்த்தால் எல்லை கடந்துவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. 2001இல் வந்த பாக்ஸ் என்னும் டார் வடிவத்தில் இந்தத் தடை இல்லை என்பதால், அதையே இயல்பு அமைப்பாக வைக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ‘கோலாலம்பூர்’ என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு ஒன்றே, கணினிக்கு இரு வேறு கோப்புகள். ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும்; ஆனால் சேமித்த பெயரில் கை வைக்கக் கூடாது.

4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு ஜிப்பின் நீட்டிப்பான ஜிப்64 இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய சுருக்க முறைகள் விருப்பத் தேர்வாக மட்டும் இருக்கட்டும். நெடுநாள் சேமிப்புக்கென, யூடிஎஃப்-8 பெயர்களையும் ஜிப்பில் வழக்கமான டிஃப்லேட் என்னும் சுருக்க முறையையும் சார்ந்த ஐஎஸ்ஓ/ஐஇசி 21320-1 என்னும் பன்னாட்டுத் தரத்தை (2015) ஒட்டிய அமைப்பு ஒன்றையும் சேர்க்கலாம்.

வெளியிடுமுன் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தமிழ்ப் பெயர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதிரிக் கோப்புகள் தேவைப்பட்டால் நாங்கள் தரத் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு