குளச்சல் வீட்டு வாசலுக்கு மரத் தபால்பெட்டி

அன்பு மக்களே,

தகரப்பெட்டி வாங்காதே. கடற்கரை உப்புக்காற்றில் மடிப்பும் மூலையும்தான் முதலில் துருப்பிடிக்கும். பெயிண்டுக்கு அடியிலேயே அரித்துக்கொண்டு போவதால் வெளியே தெரியவும் செய்யாது. நன்றாகக் காய்ந்த முக்கால் இஞ்ச் அயினிப் பலகை கேள். வள்ளம் கட்டுகிற மரம் அது. குலசேகரம் பக்கத்து ரப்பர் மரம் மலிவுதான், ஆனால் மருந்தேற்றாத பலகையை வண்டு துளைத்துவிடும்.

உள்ளளவு அகலம் 11, உயரம் 14, ஆழம் 6 இஞ்ச். ஏ4 தாளை மடிக்காமல் அனுப்பும் கவரும் உள்ளே நட்டமாக நிற்கும். வாய் 10 இஞ்ச் நீளம், ஒன்றேகால் இஞ்ச் உயரம் போதும். அதற்குமேல் போனால் கை நுழையும்.

நமக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்தும் சாரல் அடிப்பதால், திசை பார்த்து மாட்டித் தப்பிக்க வழியில்லை. கூரைதான் காக்கவேண்டும். சரிவாக, முன்னால் 2 இஞ்ச், பக்கங்களில் 1 இஞ்ச் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். நீட்டலின் அடிப்பக்கம், விளிம்பிலிருந்து அரை இஞ்ச் உள்ளே தள்ளி ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், இழுக்கச் சொல். காடி இல்லாவிட்டால் தண்ணீர் பலகையின் அடியோடு ஊர்ந்து வாய்க்குள் போகும்; இருந்தால் அங்கேயே அறுந்து சொட்டிவிடும். இவ்வளவு சின்னப் பெட்டிக்கு எதற்கு என்று ஆசாரி கேட்பார். நீ விட்டுக்கொடுக்காதே.

வாய்க்குப் பித்தளைக் கீலில் தொங்கும் மூடி வேண்டும், குளவி கூடு கட்டாமலும் இருக்கும். கடிதம் எடுக்கும் கதவைச் சுற்றி ஒரு நூல் (அரைக்கால் இஞ்ச்) இடைவெளி விடு; மழையில் பலகை அகலவாக்கில் உப்பும், இறுக்கிப் பொருத்தினால் ஆடியில் திறக்காது. அடிப்பலகையில் தண்ணீர் வடியக் கால் இஞ்ச் துளை மூன்று, அதன்மேல் கடிதம் நிற்க இரண்டு ரீப்பர் சட்டம்.

இரும்பாணி ஈரமரத்தில் கறுப்பாக வடியும். பித்தளை ஸ்க்ரூதான் சரி, ஆனால் மிருதுவானது, முறுக்கும்போதே தலை அறுந்துவிடும். துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றிக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போடச் சொல்.

வார்னிஷ் வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் வெளியேற முடியாமல் மரம் கறுக்கும். காய்ச்சிய லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) இரண்டு கோட் கொடு, இடையில் ஒரு நாள் விட்டு. வெட்டு முனைகளுக்கு இன்னொரு கோட். மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். உள்ளே பூசாதே, கடிதத்தில் கறை படியும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதே மக்களே, தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடு.

மதிலோடு ஒட்டாமல் அரை இஞ்ச் தள்ளி மாட்டு. வருஷாவருஷம் வைகாசிக்குள் ஒரு கோட் எண்ணெய்.

அப்பா