பரணில் ஒடுங்கும் இரண்டும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க வீடுகளின் பரணில் குளிர்காலத்தைக் கழிக்கும் உயிரினங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பெரிய பழுப்பு வௌவாலையும் (எப்டெசிகஸ் ஃபஸ்கஸ்) பழுப்பு நாவாய்ப்பூச்சியையும் (ஹாலியோமார்ஃபா ஹாலிஸ்) சேர்த்துத் 'தொல்லைகள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது சரியில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டுமே பழுப்பு நிறம், பறக்கக்கூடியவை, இலையுதிர் காலத்தில் சுவர் இடுக்கு வழியாக உள்ளே வந்து வசந்தம்வரை ஒடுங்கிக் கிடப்பவை. ஆனால் வௌவால் அந்த மண்ணுக்கே உரியது. பூச்சியோ கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து 1990களில் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் பக்கம் காலூன்றியது. ஊசி போன்ற வாயைக் காய்க்குள் செருகிச் சாறு உறிஞ்சும், அந்த இடம் குழிந்து உள்ளே தக்கைபோல் ஆகிவிடும். 2010இல் அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டிய மத்திய அட்லாண்டிக் மாநிலங்களின் ஆப்பிள் விவசாயிகளுக்கு மட்டும் சுமார் 3 கோடியே 70 லட்சம் டாலர் நஷ்டம்.

பெண் பூச்சி ஒரு தடவைக்கு ஏறக்குறைய 28 முட்டைகளை இலையின் அடியில் ஒட்டிவைக்கும், வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடும். வௌவாலுக்கு வருஷத்துக்கு ஒரு குட்டி, மிஞ்சினால் இரண்டு. நூறு பூச்சிகளை அழித்தாலும் அந்த இனம் சீக்கிரம் ஈடுகட்டிவிடும், பரணில் பத்துத் தாய் வௌவால்கள் செத்தால் அந்தக் கூட்டம் தேறப் பல வருஷம் ஆகும். இத்தனைக்கும் இந்த வௌவால் இதே நாவாய்ப்பூச்சியைத் தின்கிறது, அதன் எச்சத்தில் பூச்சியின் டிஎன்ஏ கிடைத்திருக்கிறது. வண்டுகளின் கெட்டியான மேலோட்டையே நொறுக்கும் தாடை அதற்கு. அதை எப்படித் தொல்லைப் பட்டியலில் சேர்க்க மனம் வந்தது?

வௌவாலால் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரேபிஸ் இருக்கலாம், வெறுங்கையால் தொடவே கூடாது, கடித்துவிட்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆனால் 'ஓட்டையைப் பார்த்ததும் அடைத்துவிடுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது பூச்சிக்குப் பொருந்தும். ஜூன், ஜூலையில் பரணில் பறக்கத் தெரியாத குட்டிகள் இருக்கும். இரை தேடிப் போன தாய் திரும்பி வர வழியில்லாமல் போனால் அவை உள்ளேயே பட்டினியால் சாகும். குட்டிகள் பறக்கப் பழகி, கூட்டம் முழுக்க வெளியேறியதை உறுதிசெய்த பிறகுதான் அடைக்க வேண்டும். அடுத்த இதழில் இந்த ஒரு வரியையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்